வைரல் மேற்கோள்: ஃபேக்ட் செக் தளமா, ஏஐயா, மூலநூலா?

வாட்ஸ்அப்பில் பெரிய மனிதர்களின் படத்தோடு வரும் வாசகங்களைச் சரிபார்க்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஃபேக்ட் செக் தளங்களில் தேடலாம். ஏஐ செயலியிடம் கேட்கலாம். அல்லது அந்த மனிதர் எழுதியதையே திறந்து பார்க்கலாம். மூன்றையும் பயன்படுத்திய பிறகு, மேற்கோள்களுக்கு மட்டும் நான் மூன்றாவது வழிக்கே வந்துவிட்டேன்.

படம், வீடியோ என்றால் கதை வேறு. எங்கோ எடுத்த பழைய வெள்ளப் படத்தைச் சென்னை என்று போட்டால், கூகுள் லென்ஸில் போட்டே கண்டுபிடித்துவிடலாம். அதில் சிக்காததற்கு யூடர்ன், ஆல்ட் நியூஸ் போன்ற தளங்கள் இருக்கின்றன. ஏஐ கொண்டு உருவாக்கிய குரல், முகம் இதிலெல்லாம் எனக்குப் பழக்கம் குறைவு, அங்கே அவர்களைத்தான் நம்புகிறேன்.

ஏஐ செயலி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சரளமாகப் பதில் சொல்லும், சில நேரம் இல்லாத நூலுக்குப் பக்க எண்ணும் கொடுக்கும். எந்த நூலில் தேடலாம் என்று கேட்பதற்கு உதவும், அவ்வளவுதான்.

இப்போது மூலநூல். ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கே ஆங்கிலக் கல்விக்கு வாதாடிய மெக்காலே பெயரில் சுற்றும் வாசகத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையும் திருடனையும் பார்க்கவில்லை, இவர்களின் பண்பாட்டு முதுகெலும்பை உடைக்காமல் இந்த நாட்டை வெல்ல முடியாது என்று 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் பேசினாராம். இதைப் பொய் என்று காட்டப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, அந்தத் தேதியே போதும். மெக்காலே 1834 பிப்ரவரியில் கப்பலேறி ஜூனில் சென்னையில் இறங்கினார். ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்தார், பிறகு கல்கத்தா. 1838 வரை ஊர் திரும்பவே இல்லை. லண்டனில் பேசியதாகச் சொல்லும் அன்று அவர் கல்கத்தாவில் இருந்தார்.

அதே தேதியிட்டு அவர் எழுதிய கல்விக் குறிப்பு முழுதாக இணையத்தில் கிடைக்கிறது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். கல்விக்கு ஒதுக்கிய பணத்தை சமஸ்கிருதம், அரபிக்குச் செலவிடுவதா, ஆங்கிலத்துக்குச் செலவிடுவதா என்பதுதான் அதில் பேச்சு. வாட்ஸ்அப் வாசகம் போல இந்தியப் பண்பாட்டைப் புகழும் வரி அதில் இல்லை. நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே அலமாரி, இந்தியா, அரேபியாவின் மொத்த இலக்கியத்துக்கும் சமம் என்கிறார். அந்த மனிதரை விமர்சிக்க அவர் கையால் எழுதியதே தாராளமாக இருக்கும்போது, யாரோ கட்டிய வசனம் நமக்கு எதற்கு?

நான் மூலநூல் பக்கம் சாய்ந்ததற்கு முக்கியக் காரணம், குடும்பக் குழுவில் அது எடுபடுகிறது என்பதுதான். ஃபேக்ட் செக் தளத்தின் இணைப்பைப் போட்டால், "அவங்க எந்தக் கட்சின்னு தெரியாதா?" என்று சித்தப்பாவோ மாமாவோ கேட்டுவிடுவார். அதோடு பேச்சு தளத்தைப் பற்றியதாக மாறிவிடும், மேற்கோள் தப்பித்துவிடும். மூல ஆவணத்தைக் கொடுத்தால் அப்படித் திசை திரும்புவதில்லை. "இதுதான் மாமா அந்தக் குறிப்பு, அந்த வரி எங்கே இருக்கு, நீங்களே பாருங்க" என்றால் பந்து அவர் பக்கம் போய்விடுகிறது. அவர் என்னையும் நம்ப வேண்டாம், எந்தத் தளத்தையும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, வரி உண்மையாகவே இருந்து பொருள் புரட்டப்பட்டிருந்தால், 'உண்மை', 'பொய்' என்று ஒற்றைச் சொல்லில் வரும் தீர்ப்பு போதாது. "மெல்லத் தமிழினிச் சாகும்" என்று பாரதியே சொல்லிவிட்டார் என்று மேடையிலேயே பேசுகிறார்கள். அந்த வரி பாரதியின் கவிதையில் இருப்பது உண்மைதான். ஆனால் 'தமிழ்த்தாய்' என்ற அந்தக் கவிதையில் பேசுவது தமிழன்னை. கூறத் தகாதவன் ஒருவன் அப்படிக் கூறினான் என்று அவள் புலம்புகிறாள், "என்றந்தப் பேதை உரைத்தான்" என்று முடித்து, இந்த வசை எனக்கு வரலாமா என்று கேட்கிறாள். எட்டுத் திக்கும் போய்க் கலைச்செல்வங்களைக் கொண்டுவந்து சேருங்கள் என்பதுதான் பாரதி சொல்ல வந்தது. எதிராளியின் வாக்கை எழுதியவர் தலையில் கட்டியிருக்கிறோம். கவிதை முழுவதையும் படித்தால்தான் இது தெரியும். தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் பாரதியின் பாடல்கள் இலவசமாகவே இருக்கின்றன.

காந்தி பெயரில் வரும் மேற்கோள்களை மூலத்தில் தேடவும் வசதி உண்டு. அவருடைய எழுத்துத் தொகுப்பு 100 தொகுதிகள், இணையத்திலேயே படிக்கலாம். "முதலில் உங்களைப் புறக்கணிப்பார்கள், பிறகு கேலி செய்வார்கள்" என்று அவர் பெயரில் வருவதற்கு மிக நெருக்கமான வாசகம், 1918இல் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டத்தில் நிக்கோலஸ் க்ளீன் என்பவர் பேசியது, காந்தி பேசியது அல்ல.

இந்த வழிக்கு நேரம் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. அச்சில் இருப்பதற்கு மட்டுமே முழுதாகப் பொருந்தும் என்பதும் உண்மை. அப்துல் கலாம் படத்தோடு வருபவற்றில் பெரும்பாலும் நூலும் இருக்காது, தேதியும் இருக்காது. அவர் எழுதிய நூல்களில் தேடலாம். ஆனால் பள்ளி, கல்லூரி என்று எத்தனையோ மேடைகளில் மாணவர்களிடம் பேசியவர் அவர், எல்லாம் அச்சேறியிருக்காது. அதனால் "அவர் சொல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்வதில்லை. எங்கே, எப்போது பேசினார் என்று அனுப்பியவரிடம் கேட்கிறேன். பதில் வராவிட்டால், "ஆதாரம் கிடைக்கவில்லை" என்று மட்டும் குழுவில் எழுதிவிட்டு விடுகிறேன்.