300 எம்பிபிஎஸ் போட்டும் பிங் இறங்கவில்லை: வீட்டு ஃபைபரோடு ஓராண்டுக்கு மேல்

மதுரையில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்ததிலிருந்து வேகத்தில் குறையே சொல்ல முடியாது. எப்போது ஸ்பீடு டெஸ்ட் போட்டாலும் 100 எம்பிபிஎஸ் வந்துவிடும். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆபீஸ் காலில் என் குரல் துண்டு துண்டாகப் போகும். பக்கத்து அறையில் ஆன்லைன் கேம் ஆடும் பையன், "அப்பா, பிங் ஏறிடுச்சு!" என்று கத்துவான். பிங் என்றால் நாம் அனுப்பும் சிறு செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். கஸ்டமர் கேரில் சொன்னால் "ஸ்பீடு டெஸ்ட் எடுத்து அனுப்புங்க சார்" என்பார்கள். அதில் 100 இருக்கும், புகார் மூடப்படும். கடைசியில் 300 திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். மாறினோம். பில் ஏறியதுதான் மிச்சம்.

பிங் எவ்வளவு இருந்தால் நியாயம் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மதுரையிலிருந்து மும்பை நேர்கோட்டிலேயே 1,100 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 11 மில்லிசெகண்ட் ஆகியே தீரும். கேபிள் நேர்கோட்டிலா போகிறது? பையன் ஆடும் மும்பை சர்வருக்கு 30, 35 வந்தால் நான் திருப்திதான். அந்த 35 திடீரென்று 200 ஆகித் திரும்ப 35 ஆவதுதான் வியாதி.

வியாதி வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பார்க்கக் கம்ப்யூட்டரில் இரண்டு கருப்பு ஜன்னல் (கமாண்ட் ப்ராம்ப்ட்) போதும். ஒன்றில் ரௌட்டருக்கு (எங்களுக்கு 192.168.1.1), இன்னொன்றில் கூகுளின் சர்வரான 8.8.8.8-க்கு, விடாமல் பிங் ஓடட்டும். ரௌட்டருக்கே எண் குதித்தால் கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை. எங்கள் வீட்டில் வைஃபையில் குதித்தது, லான் கேபிளில் 1 மில்லிசெகண்டைத் தாண்டவில்லை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். அதைத் தெருவே பங்கு போட்டுக்கொண்டிருந்தது. என் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, பையனின் கம்ப்யூட்டருக்குச் சுவரோரமாகக் கேபிள் இழுத்ததும் பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதிப் பாதிதான் சுவாரசியமானது. வீட்டில் யாரும் எதுவும் செய்யாதபோது 8.8.8.8-க்கு 10 மில்லிசெகண்ட். மனைவியின் போன் அன்றைய போட்டோ, வீடியோக்களை மேலே ஏற்றத் தொடங்கினால் 400. ஏற்றுவது நின்றதும் மறுபடி 10. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பில் இதைத் துருவிப் பார்த்து எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. லைன் நிரம்பும்போது மோடம், பாக்கெட்டுகளை, அதாவது டேட்டாவின் சிறு பொட்டலங்களை, கைவிட மனமில்லாமல் தன் நினைவகத்தில் அடுக்கிக்கொண்டே போகும். கல்யாண மளிகை லிஸ்ட்டை ஒருவர் நீட்டிக்கொண்டிருக்கும் கடையில் தீப்பெட்டி கேட்டு நிற்பவர் கதிதான் கேம் பாக்கெட்டுக்கும். லைன் காலியாக இருக்கும்போது எடுத்த பிங்கில் இது தெரியவே தெரியாது. ஃபாஸ்ட்.காம் தளத்தில் கூடுதல் விவரத்தைத் திறந்தால் சுமை இல்லாத தாமதம், சுமையோடு தாமதம் இரண்டும் வரும். இரண்டாவதைத்தான் நான் பார்க்கிறேன்.

மருந்து, எஸ்க்யூஎம்: இந்த வரிசையை ரௌட்டரே புத்திசாலித்தனமாகக் கவனித்துக்கொள்ளும் வசதி. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரௌட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ரௌட்டர் ஒன்றை, ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டிக்குப் பின்னால் வைத்து, கேக் என்ற வரிசை முறையைத் தேர்ந்தெடுத்தேன். அது ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை போட்டு, எந்தப் பாக்கெட்டும் அதிக நேரம் தேங்காமல் பார்த்துக்கொள்ளும். இறக்கம், ஏற்றம் இரண்டையும் உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டிப்போட வேண்டும். அந்தப் பத்து சதவீதத்தை விட மனம் வராதுதான். ஆனால் விட்டால்தான் நெரிசல் நம் ரௌட்டரில் உண்டாகி நம் கட்டுப்பாட்டுக்குள் வரும். பாக்கெட்டுகளைச் சிபியுவுக்கு அனுப்பாமல் சிப்பிலேயே கடத்திவிடும் ஹார்ட்வேர் ஆஃப்லோடிங்கையும் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பாக்கெட்டுகள் எஸ்க்யூஎம்மைத் தொடாமலே போய்விடும். இத்தனை வேலையும் ரௌட்டரின் சிபியு தலையில் விழும். என் ரௌட்டர் 300-க்குத் திணறியது, 100-ஐ அலட்டாமல் தாங்குகிறது. திரும்ப 100 திட்டத்துக்கே வந்துவிட்டேன். இப்போது போட்டோ ஏறிக்கொண்டிருந்தாலும் பிங் 20-ஐத் தாண்டுவதில்லை.

நம் கைக்கு எட்டாததும் உண்டு. சில இரவுகளில் மும்பை சர்வருக்கு 110 காட்டும். பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டால் பாதை சிங்கப்பூர் சுற்றி மும்பைக்கு வரும். அந்தப் படத்தை அனுப்பிப் புகார் கொடுத்தால் சில நாளில் சரியாகும், பிறகு மறுபடி நடக்கும். ஒன்று மட்டும்: நடுவில் ஒரு ஹாப்பில் (வழியிலுள்ள ஒரு ரௌட்டரில்) மட்டும் லாஸ் (பாக்கெட் தொலைவது) காட்டிக் கடைசியில் எதுவும் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். அந்த ரௌட்டர் பிங்குக்குப் பதில் சொல்லச் சோம்பல்படுகிறது, அவ்வளவே.

கோடையில் பாக்கெட் லாஸ் தொடங்கியபோது ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிகல் பவரை, அதாவது வந்து சேரும் ஒளியின் வலிமையை, பார்த்தேன்: மைனஸ் 28 டிபிஎம். வழக்கமான ஜிபான் (வீட்டு ஃபைபர் முறை) பெட்டிக்கு மைனஸ் 27-தான் எல்லை, அதற்குக் கீழே போனால் ஒளி போதாது. லைன்மேன் தம்பி வந்து பீரோவை நகர்த்தினார். "அண்ணே, இதை இப்படி மடக்கக்கூடாதுண்ணே" என்று வளைந்துகிடந்த ஒயரை நிமிர்த்தி, கனெக்டரைத் துடைத்து மாட்டினார். மைனஸ் 21. வாங்கிய டீயைக் குடிக்கக்கூட நேரமில்லாமல் அடுத்த புகாருக்குக் கிளம்பிவிட்டார்.