ஒரே நெட்வொர்க் கார்டு, மூன்று பெயர்கள்: லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி மூன்றும் ஆபரேட்டிங் சிஸ்டங்கள். கம்ப்யூட்டருக்குள் செருகும் பிசிஐ கார்டு ஒவ்வொன்றும் தான் யார் என்பதை இரண்டு எண்களில் சொல்லிவிடும். இன்டெல் ஐ210 ஈதர்நெட் கார்டைச் செருகினால் 8086, 1533 என்று வரும். முன்னது நிறுவனத்துக்கு உரியது (பழைய 8086 பிராசஸரை நினைவிருப்பவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்), பின்னது மாடலுக்கு. ஆக, கார்டை அடையாளம் காண்பதில் யாருக்கும் சிரமமில்லை. அதற்கான டிரைவரும் (கார்டை இயக்க சிஸ்டத்துக்குத் தேவையான மென்பொருள்) ஃபெர்ம்வேரும் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அந்த நேரத்தில் கையில் இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

லினக்ஸில் கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி, அந்த எண்களை அறிவிக்கும். யூடெவ் என்ற நிரல் அதைக் கேட்டு, பொருந்தும் மாட்யூலை (தேவைப்படும்போது கெர்னலில் சேரும் டிரைவரை) மட்டும் ஏற்றும். ஐ210க்கு அது ஐஜிபி. வைஃபை கார்டு என்றால் பெரும்பாலும் ஃபெர்ம்வேர் கோப்பும் வேண்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் நெடுங்காலம் அதைக் கட்டற்றதல்ல (யாரும் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள் அல்ல) என்று வழக்கமான இன்ஸ்டாலரில் சேர்க்காமல் வைத்திருந்தது. லேன் போர்ட் இல்லாத லேப்டாப்பில் இது பெரிய தலைவலி: கோப்பை இறக்க நெட் வேண்டும், நெட் வர அந்தக் கோப்பு வேண்டும். 2022இல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023இல் வந்த டெபியன் 12இல் இருந்து சேர்த்துவிட்டார்கள். கொள்கையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும், சரியான முடிவு.

ஓப்பன்பிஎஸ்டி வேறு ரகம். மாட்யூல் என்ற பேச்சே இல்லை, டிரைவர்கள் எல்லாம் கெர்னலுக்குள்ளேயே இருக்கும். எந்தக் கார்டை எந்த டிரைவர் எடுத்துக்கொண்டது என்று பூட் ஆகும்போதே வரி வரியாக ஓடும். டிரைவர் இல்லாததற்குப் பக்கத்தில் ‘நாட் கான்ஃபிகர்ட்’ என்று வரும். இந்த ஒளிவுமறைவற்ற தன்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வைஃபை ஃபெர்ம்வேரை மட்டும் பெரும்பாலும் நெட்டிலிருந்துதான் இறக்கும், அதனால் முதல் தடவைக்கு ஒரு லேன் கேபிள் தயாராக இருக்கட்டும்.

ஃப்ரீபிஎஸ்டி இரண்டுக்கும் நடுவே. பரவலான டிரைவர்கள் கெர்னலில் இருக்கும், மற்றவற்றை 12ஆம் பதிப்பிலிருந்து டெவ்மேட்ச் என்ற நிரல் தேடி ஏற்றும். புது சிப்புகளில்தான் பின்தங்கியது. ரியல்டெக்கின் 2.5 கிகாபிட் 8125 சிப்புக்கு லினக்ஸ் 2019இலும் ஓப்பன்பிஎஸ்டி 2020இலும் டிரைவர் தந்துவிட்டன. ஃப்ரீபிஎஸ்டிகாரர்களோ நெடுநாள் போர்ட்ஸ் என்ற கூடுதல் மென்பொருள் தொகுப்பிலிருந்து தனியாகப் போட வேண்டியிருந்தது.

அப்புறம் பெயர். அதே ஐ210 ஃப்ரீபிஎஸ்டியில் ஐஜிபி0, ஓப்பன்பிஎஸ்டியில் இஎம்0. பெயரிலேயே டிரைவர் தெரியும். லினக்ஸில் இஎன்பி3எஸ்0 மாதிரி, அது செருகியிருக்கும் இடம் தெரியும். புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் அந்த 3 சில நேரம் 4 ஆகிவிடும், பழைய பெயரில் எழுதிவைத்த நெட்வொர்க் அமைப்பும் அதோடு போகும்.

லேப்டாப்புக்கு யோசிக்காமல் டெபியன். இன்டெல் லேன் கார்டு போட்ட வீட்டு ஃபயர்வாலுக்கு என் ஓட்டு ஓப்பன்பிஎஸ்டிக்கு.