காகித எடைக்கு ஹிட்ச் மாட்டிவிட்டார்கள்: டிரெய்லர் வாங்குபவர்கள் கவனிக்க

எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்பினோம். டாலஸிலிருந்து பாலோ டுரோ கேன்யனுக்கு, பிக்கப் பின்னால் மாட்டி இழுக்கும் புது கேம்பிங் டிரெய்லரோடு முதல் பயணம். பிக்கப்பில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். 287-ஆம் நெடுஞ்சாலையில் ஹென்ரியெட்டா நெருங்கும்போது பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று எங்களை முந்தியது. அது பக்கத்தில் வந்ததும் டிரெய்லரை அந்தண்டை தள்ளியது, தாண்டியதும் இந்தண்டை இழுத்தது. லாரி போய்விட்டது, ஆட்டம் நிற்கவில்லை. இடது கண்ணாடியில் டிரெய்லரின் பின்மூலை தெரிகிறது, மறுநொடி வலது கண்ணாடியில் தெரிகிறது. ஸ்டியரிங் வெண்ணெயில் வைத்த கத்தி மாதிரி வழுக்கியது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பிரேக்கைத் தொடாமல், டாஷ்போர்டில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் நெம்புகோலை மட்டும் அழுத்தி டிரெய்லர் பிரேக்கைப் போட்டேன். எங்கோ படித்தது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது என் பாக்கியம். சாலையோரம் நிறுத்திய பிறகு ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (டிரெய்லரின் பாரத்தை பிக்கப்பின் முன்பக்கத்துக்கும் பகிர்ந்து தரும் இணைப்பு), ஸ்வே கன்ட்ரோல் (ஆட்டத்தை அடக்கும் கருவி) என்று பெயர் சொல்லிக் காசு வாங்கிய பிறகும் இப்படி ஏன் ஆடியது என்பதுதான் இந்தப் பதிவு. டீலர் பெயரைப் போடவில்லை. இதே வேலையை எந்த டீலரும் செய்யலாம்.

வாங்கிய அன்று விற்பனையாளர் டிரெய்லரின் கையேட்டைத் திறந்தார். ஹிட்ச் எடை, அதாவது டிரெய்லர் மூக்கு பிக்கப்பின் வாலை அழுத்தும் எடை, 590 பவுண்டு என்று போட்டிருந்தது. "அப்போ 600 பவுண்டு பார் போதும், பேக்கேஜ் விலையில் தருகிறேன்" என்றார். பார் என்றால் அந்த ஹிட்ச்சின் ஸ்பிரிங் கம்பிகள், 600 என்பது அவை தாங்கும் ஹிட்ச் எடை. பின்பக்க ஷெட்டில், காலி டிரெய்லர், காலி பிக்கப், சாய்வான தரை. இருபது நிமிடத்தில் மாட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நானும் செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த 590 எதுவுமே ஏற்றாத எடை. கையேட்டில் போடும் ஹிட்ச் எடையில் பெரும்பாலும் பேட்டரியும் கேஸ் சிலிண்டர்களும் சேராது. அவை எங்கே இருக்கின்றன? ஹிட்ச்சுக்குச் சற்றுப் பின்னால், டிரெய்லரின் மூக்கில். அதற்குப் பின்னால் இருக்கும் பெட்டியில்தான் நாற்காலி, கருவிப்பெட்டி, குழாய் எல்லாம் போகும். ஒரு கேலன் தண்ணீரே எட்டு பவுண்டுக்கு மேல். மனைவி நான்கு நாளைக்கு மாவு அரைத்துக் கூலரில் வைத்திருந்தாள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விச்சிட்டா ஃபால்ஸ் வரை மெல்ல உருட்டிப்போய், ட்ரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில் ஏற்றினேன். லாரிக்காரர்களுக்கானது, ஆனால் நாமும் காசு கொடுத்து எடை போடலாம். முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். மூன்று முறை போட வேண்டும்: பார் மாட்டி ஒரு முறை, பாரைக் கழற்றி ஒரு முறை, டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு பிக்கப் மட்டும் ஒரு முறை. மறு எடைக்குக் கட்டணம் குறைவு.

பிக்கப் மட்டும் 5,860 பவுண்டு, அதில் முன் ஆக்சிலில் 3,240. பாரில்லாமல் டிரெய்லரை மாட்டினால் பிக்கப் 6,740. வித்தியாசம் 880. அதுதான் என் உண்மையான நாக்கு எடை, அதாவது கையேடு ஹிட்ச் எடை என்று சொல்வது. டிரெய்லரின் மொத்த எடை 6,540, அதில் இது 13 சதவீதத்துக்குச் சற்று மேல். பத்திலிருந்து பதினைந்துக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு, ஆக நான் சாமான் அடுக்கியதில் தப்பில்லை. 880-ஐத் தாங்க 600 பவுண்டு பாரை மாட்டியதுதான் தப்பு.

வால் அமுங்கினால் தராசுத் தட்டு மாதிரி மூஞ்சி தூக்கும். என் முன் ஆக்சில் 3,240-லிருந்து 2,840-க்கு இறங்கியிருந்தது. ஸ்டியரிங் வழுக்கியதற்கு இதுதான் காரணம். ஸ்பிரிங் பார்களின் வேலையே அந்த 400-ல் கணிசமான பங்கை முன்னுக்குத் திருப்பித் தள்ளுவது. இவர்கள் மாட்டிய பார் திருப்பித் தந்தது 60 பவுண்டு! குனிந்து பார்த்தால், பாரை டிரெய்லரோடு இழுத்துக் கட்டும் சங்கிலி கடைசிக் கண்ணியில் தொளதொளவென்று தொங்குகிறது. பார்கள் செருகும் ஹிட்ச் தலையின் சாய்வையும் சரிசெய்யவில்லை.

இன்னொரு கூத்து. பில்லில் ஸ்வே கன்ட்ரோல் பாருக்கும் பொருத்துகூலிக்கும் தனித்தனியே காசு. ஹிட்ச் தலையின் பக்கத்தில் அதை மாட்டும் குட்டிப் பந்து இருந்தது. டிரெய்லர் பக்கம் இருக்க வேண்டிய பந்து இல்லை. அந்த ஸ்வே பார் எங்கே? முன்பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். உதிரி சாமான் என்று நினைத்து அதன் மேலேயே நாற்காலிகளை அடுக்கியிருந்தேன்.

டீலரின் மேனேஜருக்குப் போன் போட்டேன். டெலிவரி தாளில் கையெழுத்துப் போட்டாயிற்றே என்றார். போகட்டும். அடுத்து, மூக்கு கனமாக இருந்தால் சாமானைப் பின்பக்கம் மாற்றி வையுங்கள் என்றார் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. நாக்கு எடை பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் இன்னும் மோசமாக ஆடும். பிள்ளைகளோடு போகும் ஆளுக்குச் சொல்கிற யோசனையா இது?

பாலோ டுரோ போகவில்லை, திரும்பிவிட்டோம். வேறொரு ஹிட்ச் கடையில் முதல் கேள்வியே "பயணத்துக்குப் போவது போலவே சாமான் ஏற்றிக்கொண்டு வர முடியுமா" என்பதுதான். சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கர வளைவின் உயரத்தை அந்தக் கடைக்காரர் டேப்பில் அளந்தார். டிரெய்லர் இல்லாமல் 36.5 அங்குலம், பார் இல்லாமல் மாட்டியபோது 37.5. ஆயிரம் பவுண்டு பார் போட்டு, தலையைச் சாய்த்து, சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இழுத்து 37-க்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தார். இரண்டு மணி நேரம் பிடித்தது. எவ்வளவு இறக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் பிக்கப்பின் கையேட்டில் இருக்கும். பெரிய பாராகப் போட்டால் நல்லதுதானே என்று கேட்டேன். தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தால் டிரெய்லர் சட்டம்தான் அடி வாங்கும் என்றார். பிறகு ஸ்கேலில் முன் ஆக்சில் 3,080.

அவர் காட்டிய இன்னொன்று, டிரைவர் கதவு நிலையில் இருக்கும் மஞ்சள் ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்த்து 1,480 பவுண்டுக்கு மேல் கூடாது என்று என் வண்டியில் போட்டிருக்கிறது. நாக்கு எடையும் இதில்தான் சேரும். நாங்கள் நால்வரும் கைச்சாமானும் 440, நாக்கு 880. மிச்சம் 160. டிசம்பரில் வரும் அப்பா அம்மாவை அந்தப் பிக்கப்பில் ஏற்ற முடியாது. 9,000 பவுண்டு இழுக்கும் என்று சொன்ன விற்பனையாளர் இந்த ஸ்டிக்கர் பக்கமே திரும்பவில்லை.

பொருத்தாத ஸ்வே பாருக்கு வாங்கிய கூலியை கிரெடிட் கார்டு கம்பெனி மூலம் மீட்டேன். ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், பில்லும் உறை பிரிக்காத பாரின் போட்டோவும் வைத்தேன். ஹிட்சுக்குக் கொடுத்த காசு வரவில்லை.

அந்த 600 பவுண்டு செட் கராஜில் கிடக்கிறது. சின்ன டிரெய்லர் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் பாதி விலைக்குத் தருகிறேன். வரும்போது ஸ்கேல் சீட்டைக் கொண்டுவாருங்கள், கையேட்டைக் காட்டினால் தரமாட்டேன்.