மகால் வழியா, செட்டிநாட்டு வழியா? வீட்டில் கலந்து அலங்கரிக்க இரண்டு முறைகள்

கல்யாணச் சீராக வந்த தேக்கு பீரோ ஒரு பக்கம், ஆன்லைனில் வாங்கிய சாம்பல் நிற சோபா இன்னொரு பக்கம், நடுவில் சுங்குடி விரிப்பு, மூலையில் பித்தளைக் குத்துவிளக்கு. மதுரையில் பாதி வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. பழசையும் புதுசையும் கலப்பதில் தப்பே இல்லை. இத்தனையையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்துவது எது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு நம்மிடமே இரண்டு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. ஒன்று ஊருக்குள்ளேயே, மற்றொன்று பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில்.

முதலாவது, 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகால். அதன் அரசவை மண்டபமான சொர்க்க விலாசத்தில் நின்று மேலே பாருங்கள். இஸ்லாமியக் கட்டடங்களில் காணும் இதழ் வளைவுகள் இருக்கின்றன. அவற்றோடு ஒட்டியே நம் கோயில் மரபில் வந்த யாளிகளும் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு உலகத்தைச் சேர்ந்தவை. ஆனாலும் கண் எங்கும் தடுக்கி நிற்பதில்லை. செங்கல் கட்டடத்தின் மேல் தூண், வளைவு, பொம்மை எல்லாவற்றையும் ஒரே சுண்ணாம்புச் சுதையால் போர்த்தியிருக்கிறார்கள். வெளிர் நிறம்தான் ஓங்கி நிற்கிறது. அடர்ந்த வண்ண வேலைக்கு விதானம்தான் இடம். நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த 1866–72 காலத்துப் பழுதுபார்ப்பையும் தாண்டி இந்த ஒழுங்கு நிற்கிறது. பாணிகள் பல, பூச்சும் நிறமும் ஒன்று. இதை மகால் வழி என்கிறேன்.

இரண்டாவது, கானாடுகாத்தான், காரைக்குடி பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகள். அங்கே நடந்தது இதற்கு நேர் எதிர். பர்மா தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் சுவர்க்கல், ஆத்தங்குடித் தரைக்கல் எனப் பொருளும் நிறமும் எண்ணி மாளாது. அவற்றைக் கட்டிப்போடுவது வீட்டின் அமைப்பு. திண்ணை, முகப்பு, வளவு (நடு முற்றப் பகுதி), இரண்டாம் கட்டு, அடுப்படி என வரிசையாகப் போகும். தலைவாசலில் நின்றால் பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் பார்வை ஓடும். தூண்கள் இருபுறமும் சமமாக நிற்கும். எவ்வளவு ஆடம்பரமான பொருளும் அந்த வரிசையில் தனக்கு ஒதுக்கிய இடத்தில்தான் இருக்கும். பொருள்கள் பல, கோடு ஒன்று. இது செட்டிநாட்டு வழி.

இப்போது கே.கே. நகரில் ஒரு இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். கதவைத் திறந்தால் எதிரே சுவர், பக்கத்தில் செருப்பு அலமாரி. ஹாலிலிருந்து சமையலறை ஒரு மூலை திரும்பித்தான் வரும். இங்கே நேர்கோடு கிடையாது. செட்டிநாட்டு வழி பிடிமானம் இல்லாமல் தவிக்கும். தூண் மாதிரி பிளைவுட்டில் செய்து ஒட்டுவதும், நாலு ஆத்தங்குடிக் கல்லை டிவிக்குப் பின்னால் பதிப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கல் நடந்து நடந்து பளபளப்பு ஏறுவதற்காகச் செய்தது. கண்ணாடித் தட்டில் அச்சு வைத்து, வண்ண சிமெண்ட் குழம்பு ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, சூளையே இல்லாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற பொருள் அது. அதன் இடம் தரைதான்.

ஃபிளாட்டுக்கு மகால் வழி அருமையாக ஒத்துவரும். ஹால், சாப்பாட்டு இடம், நடைவழி மூன்றிலும் சுவருக்கும் சீலிங்குக்கும் ஒரே தந்த நிறம் அடியுங்கள். பளபளக்காத மேட் எமல்ஷன் நல்லது. சுவிட்ச் பக்கத்தில் கைக்கறை படியும். கழுவக்கூடிய ரகமாக வாங்கினால் அந்தக் கவலை குறையும். நிறம் அடங்கிய பிறகுதான் பொருளின் தொடுதன்மை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கோரைப்பாயின் சொரசொரப்பு, பித்தளையின் வழவழப்பு, தேக்கின் ரேகை எல்லாம் தனித்தனியாக எழுந்து நிற்கும். சுங்குடியும் அப்படித்தான். கையால் முடிச்சிட்ட சுங்குடியில் புள்ளி இருக்கும் இடம் லேசாகப் புடைத்திருக்கும், வட்டம் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற துணி இது. மெழுகு அச்சில் வரும் துணி தட்டையாக இருக்கும். விலை குறைவு, அன்றாட விரிப்புக்குப் போதும். ஆனால் சுவரில் மாட்டுவதற்கோ திண்டு உறைக்கோ முடிச்சுத் துணியையே வாங்குங்கள், அழுத்தி இஸ்திரி போடாதீர்கள். மேற்கு ஜன்னலில் திரையாகத் தொங்கவிட்டால் நம் ஊர் வெயில் சாயத்தைத் தின்றுவிடும். பின்னால் ஒரு வெள்ளைத் துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

சுவருக்கு ஒரு நிறம் என்று அடித்து, எதிரே மினுங்கும் சன்மைக்கா, மேலே ஃபால்ஸ் சீலிங்கில் நீல விளக்கு வைக்கும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஷோரூமில் அழகுதான். வீட்டில் எல்லாமே ஒரே நேரத்தில் பேசுவதால் உங்கள் பாட்டியின் பீரோ காணாமல் போய்விடும்.

திருநகர், ஒத்தக்கடை பக்கம் சொந்த மனையில் கட்டுகிறவர்களுக்கு என் பதில் வேறு. வரைபடம் போடும்போதே தலைவாசல், ஹால், பின்வாசல் மூன்றையும் ஒரே கோட்டில் வைக்க முடிந்தால் செட்டிநாட்டு வழியில் துணிந்து போகலாம். அந்தக் கோட்டில் மட்டும் ஆத்தங்குடிக் கல், இருபுறமும் சிவப்பு ரெட்ஆக்சைடு தரை. கோடு தெளிவாக இருந்தால் பச்சைக் கதவும் நீல ஜன்னலும்கூட அங்கே பொருந்தும். கல்லைக் கட்டும்போதே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். அது தடிமனானது, கலவை மெத்தையில் பதிக்க வேண்டியது. பிறகு நினைத்தால் பழைய தரையைக் கொத்தி, கதவின் அடியை இழைக்க வேண்டி வரும். ஆசிட் படவே கூடாது, எலுமிச்சைச் சாறு சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். ரெட்ஆக்சைடுக்குக் கைதேர்ந்த கொத்தனார் கிடைத்தால் மட்டுமே இறங்குங்கள், இல்லையென்றால் வெடிப்பு விடும்.

எந்த வழியானாலும் பெயிண்ட் டப்பா வாங்குமுன் விளக்கைப் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. அதன் கீழே தேக்கு செத்துப்போன மாதிரி தெரியும், தந்த நிறம் ஆஸ்பத்திரிச் சுவராகிவிடும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் அதே பீரோ, அதே சுவர் உயிர்பெறும். படிக்கிற மேசைக்கும் சமையல் மேடைக்கும் வெள்ளை விளக்கு இருக்கட்டும், ஹாலுக்கு மஞ்சள். இரண்டடிக்கு இரண்டடி சுவரில் நிறத்தை அடித்து, காலையிலும் மதியம் மூன்று மணி வெயிலிலும் ராத்திரி விளக்கிலும் பார்த்துவிட்டு மீதிக்கு ஆர்டர் கொடுங்கள். வாடகை வீட்டில் சுவரைத் தொட விடமாட்டார்கள் என்றால் பல்பையும் துணியையும் மட்டும் மாற்றினாலே மகால் வழியில் பாதி தூரம் வந்துவிடலாம்; காலி செய்யும்போது இரண்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.