தலையைத் திருப்பாமல் எப்படிடா வளைப்பாய்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் உட்கார்ந்து பதினான்கு ஆண்டுகளாகக் கணினியில் செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஓட்டுகிறேன். தொடங்கியது, 2006இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் என்ற விமானம் ஓட்டும் விளையாட்டில். எஃப்10 தட்டினால் தட்டையான இருபரிமாணக் கருவிப் பலகை. எஃப்9 தட்டினால் முப்பரிமாண விமானி அறை. என் பழைய கணினி முப்பரிமாணத்தில் மூச்சு வாங்கியதால் பல ஆண்டுகள் பலகையோடுதான் குடித்தனம்.

அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வேகமானி, உயரமானி என ஆறு கருவிகளும் கண்ணுக்கு நேரே பளிச்சென்று நிற்கும். மேகத்துக்குள் முள்ளை மட்டும் நம்பிப் பறக்க அதில்தான் கற்றேன். வம்பெல்லாம் ஈப்போ விமான நிலையத்தில் இறங்கும்போதுதான். ஓடுதளத்துக்கு இணையாக எதிர்த்திசையில் போய், அதன் முனை இடது தோளுக்குப் பின்னால் 45 பாகையில் தெரியும்போது வளைய வேண்டும். பலகையிலோ இடப்புறம் பார்த்தால் கருவிகள் மறைந்துவிடும். முன்னால் திரும்பினால் ஓடுதளம் காணாமல் போகும். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தலையைத் திருப்பாமல் எப்படிடா வளைப்பாய்?" என்றார்.

2020இல் வந்த பதிப்பில் அந்தப் பலகையே கிடையாது. முப்பரிமாண அறைக்குள் போனதும் புதுத் தொல்லை. விமானி இடது இருக்கையில் இருக்கிறார். நானோ விமான முகப்பின் நடுவை ஓடுதளக் கோட்டில் பொருத்தினேன். விமானத்தின் மூக்கு இடப்பக்கம் திரும்பியபடி இறங்கி, புல்லில் போய் நின்றேன், ஒரு மாதத்துக்கு. முகப்பை விட்டுவிட்டு, என் மூக்குக்கு நேர் எதிரே கண்ணாடியில் ஒரு புள்ளியைக் கோட்டோடு சேர்த்த பிறகே சரியானது. காட்சியை அகல விரித்து வைத்ததும் தப்பு: தரை தொலைவில் இருப்பதுபோல் ஏமாற்றி, கடைசி நொடியில் முட்டவைக்கும்.

தலையசைவைப் பின்தொடரும் அகச்சிவப்புக் கருவி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். எட்டே மாதத்தில் கண்ணை மூடியது. விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. இப்போது சாதாரண வெப்கேமும் ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருளும். தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், திரையில் தோளுக்குப் பின்னால் வரை தெரியும். கண் மட்டும் திரையை விட்டு விலகக் கூடாது. இரவில் விளக்கை அணைத்தால் கேமரா என் முகத்தைத் தவறவிட்டு, கூரையைப் பார்க்கவைத்துவிடும். தரையிறங்கும் நேரத்தில் இது நடந்தால் கடவுள்தான் துணை.

வெளியிலிருந்து பார்க்கும் காட்சியில் சக்கரம் தரை தொடுவது தெரியும், சுலபம்தான். படம் பிடிக்க மட்டுமே வைத்திருக்கிறேன். முள்ளுக்குப் பதில் மின்திரையில் காட்டும் கருவிகளின் பொடி எழுத்துக்காக, அவற்றை அருகில் காட்டும் காட்சி ஒன்றைச் சேமித்து ஆல்ட்+1இல் வைத்திருக்கிறேன். பழைய பலகையைத்தான் சுற்றி வளைத்துத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லவில்லை.