குரும்பப்பட்டியா, ஏற்காடு அண்ணா பூங்காவா?

சின்னப் பிள்ளைகளோடு ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால், குரும்பப்பட்டிக்குத்தான் போகச் சொல்வேன். சேலத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். சேர்வராயன் மலையடிவாரத்தில் 1981-இல் தொடங்கிய உயிரியல் பூங்கா, வனத்துறை நடத்துகிறது. மான், மயில், முதலை எல்லாம் உண்டு. போன முறை கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்ற புள்ளிமான் காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது; மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு அண்ணா பூங்காவுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். ஏரியை ஒட்டிய பூங்கா, அப்புறம் படகு சவாரியும் இருக்கிறது. கோடை விழா மலர்க்காட்சி இங்கேதான். அப்போது கூட்டம் நெரியும். வயதான அம்மா அப்பாவோடு போவதென்றால் அந்தக் குளிர்க்காற்றுக்காகவே மலையேறலாம்.