மூக்கில் குச்சியா, குழாயில் எச்சிலா?

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மூக்கின் கோடிவரை போய், தொண்டையின் மேற்பகுதியில் சுழற்றி எடுத்தால்தான் மாதிரி சரி. கண்ணில் நீர் வரும். தும்மினால் எதிரே நிற்கும் பணியாளருக்கு ஆபத்து. கொரோனா டெஸ்டை எச்சிலிலும் எடுக்கலாம்; அதற்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. நாமே குழாயில் துப்பிக் கொடுக்கலாம்.

சரி, துல்லியம்? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் 70 நோயாளிகளிடம் இரண்டையும் எடுத்துப் பார்த்து 2020 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். தொற்று உறுதியான முதல் ஐந்து நாட்களில் எச்சிலில் 81%, மூக்கில் 71% பாசிட்டிவ். எச்சில் கட்சி துள்ளியது. அடுத்த ஜனவரியில் பல ஆய்வுகளைச் சேர்த்து, தொற்றுள்ளவர்களில் எத்தனை பேரைக் கண்டுபிடிக்கிறது என்று கணக்கிட்டபோது எச்சில் 83.2%, மூக்கு 84.8%. துள்ளலும் அடங்கியது, எச்சிலைக் கேலி செய்தவர்களின் பேச்சும் அடங்கியது.

என் பார்வையில் உண்மையான வித்தியாசம் சாமான்களில்தான். 2020 தொடக்கத்தில் அந்தப் பிரத்யேகக் குச்சிக்கே உலகெங்கும் தட்டுப்பாடு. அதைச் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்று இத்தாலியின் லொம்பார்டியில், நோய் முதலில் கொளுத்திய அதே இடத்தில் இருந்தது. யேலின் ‘சலைவா டைரக்ட்’ முறைக்குக் குச்சியும் வேண்டாம், வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும் கிட்டும் வேண்டாம். ஒரு நொதியும் சூடும் போதும். இல்லினாய் பல்கலைக்கழகம் எச்சிலை 95 டிகிரியில் அரை மணி சூடாக்கி, மாணவர்களுக்கு வாரம் இருமுறை டெஸ்ட் எடுத்தது. குச்சி என்றால் மூன்றாவது வாரமே பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

எச்சிலின் தொல்லைகளும் உண்டு. அரை மணி முன்பிருந்தே சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, பல் துலக்கக் கூடாது. கொழகொழ எச்சில், திரவத்தை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டில் ஏறாமல் லேப்காரர்களின் பொறுமையைச் சோதிக்கும். வயதானவர்களுக்கு வாய் உலர்ந்துபோய் எச்சிலே ஊறாது. ஜப்பான் விமான நிலையங்களில் இதற்காகவே உப்பில் ஊறிய பிளம், எலுமிச்சைப் படங்களை ஒட்டி வைத்தார்கள்! நம் ஊரில் பச்சைப் புளியங்காய் படம் போதும். இன்னொன்று: மூக்குக்கென்று செய்த வீட்டு ரேபிட் கிட்டில் எச்சிலை விட்டால் வரும் முடிவை நம்ப முடியாது.

மருத்துவமனையில் சேரும்போது ஒரே ஒருமுறை எடுக்கும் டெஸ்டுக்குக் குச்சியைத்தான் சொல்வேன். குழந்தைகளுக்கும், பள்ளி, விடுதிபோல அடிக்கடி எடுக்கவேண்டிய இடங்களுக்கும் எச்சில்.

நாக்பூரின் நீரி (தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) நடுவழி ஒன்றைக் கண்டது: குழாயில் தரும் உப்புநீரை 15 விநாடி தொண்டையில் கொப்பளித்து, அதே குழாயில் துப்புவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2021 மே மாதம் அனுமதி கொடுத்தது. நீர் கலப்பதால் அந்தக் கொழகொழப்புத் தொல்லையும் குறைகிறது.